சும்மா, நாற்பத்தொரு தடவை

அவளுக்குப் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர் இருக்கிறது. நல்ல பெயர்தான். அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் இப்போது ஆளில்லை. நூலகத்துக்கு வருகிறவர்களுக்கு அவள் 'அமைதி மேடம்'. யாராவது குரலை உயர்த்தினால் அதட்ட மாட்டாள். சுவரில் தொங்கும் 'அமைதி காக்கவும்' பலகையைப் பார்த்து ஒரு விரலை நீட்டுவாள், அவ்வளவுதான். நீட்டி நீட்டியே பேர் ஒட்டிக்கொண்டது. வீட்டில் அண்ணன் பிள்ளைகளுக்கு அத்தை, அண்ணிக்கு 'இந்தாம்மா', அண்ணனுக்குப் 'பாப்பா'. நாற்பத்தெட்டு வயதுப் பாப்பா.

அந்த நூலகத்தில் அவளுக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். கடைசிப் பதினோரு வருடமாக இளையோர் பிரிவும் அவள் தலையில்தான். உத்தரவில் 'கூடுதல் பொறுப்பு' என்று போட்டிருந்தார்கள். நிரந்தர ஆள் வரும்வரை என்றார்கள். அந்த நிரந்தர ஆள் இன்னும் எந்தப் பள்ளியில் எத்தனையாவது படித்துக்கொண்டிருக்கிறானோ, வந்து சேரவில்லை. கூடுதல் பொறுப்பு என்றால் வேறொன்றும் இல்லை: வேலை இரண்டு, நாற்காலி ஒன்று.

அவள் அண்ணன் வீட்டுக்கு வந்ததும் வேலையில் சேர்ந்த அதே வருடம்தான். இருபத்தைந்து முடிந்து இருபத்தாறு நடக்கும்போது கல்யாணம் ஆகி, எட்டே மாதத்தில் அது முறிந்தது. அந்த எட்டு மாதத்தைப் பற்றி அவள் பேச மாட்டாள். நாமும் கிளற வேண்டாம். ஒருநாள் அண்ணன் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு வந்து, அந்த வீட்டு வாசலில் நின்று, "பாப்பா, பெட்டியை எடு" என்றான். கேள்வி இல்லை, புத்திமதி இல்லை. "என் வீட்ல உனக்கு எப்பவும் இடம் இருக்கு" என்றான். சொன்ன சொல்லை இன்றுவரை காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். அண்ணன் நல்லவன். கஷ்டமே அதுதான். கெட்டவன் வீட்டிலிருந்து எட்டு மாதத்தில் வெளியே வர முடிந்தது. நல்லவன் வீட்டிலிருந்து எப்படி வெளியே வருவது என்று அவளுக்கு இருபத்திரண்டு வருடமாகத் தெரியவில்லை.

அந்த வீட்டில் அவளுக்கென்று ஓர் அறை உண்டு. கதவுதான் கிடையாது. அண்ணி வாங்கிய பெரிய அலமாரி உள்ளே நுழையவில்லை என்று கதவைக் கழற்றினார்கள். அலமாரி நுழைந்துவிட்டது. திரும்ப மாட்டத் தச்சரைக் கூப்பிட வேண்டும், நாளைக்குக் கூப்பிடலாம் என்று கதவை அலமாரிக்குப் பின்னால் சாய்த்து வைத்தார்கள். அந்த நாளை ஒன்பது வருடமாக வரவில்லை. அலமாரியில் இருப்பது குடும்பத்துத் துணிமணி முழுவதும். ஆகவே காலை ஐந்தரையிலிருந்து ஆளாளுக்கு உள்ளே வந்து போவார்கள். சட்டை தேடி வருகிறவனுக்கு அத்தை தூங்குகிறாளா, உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறாளா என்பதெல்லாம் ஒரு கணக்கா என்ன?

இப்படிப்பட்டவள் கண்ணில்தான் அந்தச் சுற்றறிக்கை பட்டது. ஏழு மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு சின்ன ஊரில் புதுக் கிளை நூலகம் திறக்கிறார்கள். பொறுப்பாளராகப் போக விருப்பமுள்ளவர்கள் மாத முடிவுக்குள் உரிய வழியில் மனுச் செய்யலாம். கடைசி வரியில், நூலகத்தை ஒட்டி ஒருவர் தங்குவதற்கான குடியிருப்பு உண்டு என்று இருந்தது. 'ஒருவர்' என்ற அந்தச் சொல்லை அவள் மூன்று தடவை படித்தாள். அன்றைக்கே மனு எழுதி, தலைமை நூலகர் மேசையில் வைத்தாள். வீட்டில் மூச்சு விடவில்லை. முதலில் கிடைக்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். உரிய வழி என்றால் தலைமை நூலகர் வழி. அவர் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால்தான் மனு. இல்லாவிட்டால் அது காகிதம்.

இரண்டு வாரம் கழித்துத் தலைமை நூலகர் கூப்பிட்டார். மனுவைப் பற்றித்தான் என்று ஓடினாள். அவர் மேசையில் ஒரு சிடி இருந்தது, பக்கத்தில் ஒரு கட்டுச் சீட்டு.

"உக்காருங்க மேடம். இது என்ன தெரியுமா? ஹிப்ஹாப்பாம். நம்ம பசங்க அறுபத்திமூணு பேர் இது வேணும்னு சீட்டு எழுதிப் போட்டிருக்காங்க. அறுபத்திமூணு! பாடப் புத்தகத்துக்கு ஒருத்தன் சீட்டு எழுதினதா எனக்கு ஞாபகம் இல்ல."

ஆல்பத்தின் பெயர் 'வரிசையில நில்லு'. பாடியவள் ஒரு பெரிய கடையில் பில் போடுகிற பெண்ணாம், தனக்குத்தானே 'தாழ்ப்பாள்' என்று பேர் வைத்துக்கொண்டிருக்கிறாள். அட்டையில் முகம் இல்லை. ஒரு நீளமான பில் காகிதம் மட்டும் சுருண்டு கிடந்தது. இளையோர் பிரிவில் காதில் மாட்டிக் கேட்கிற இடம் ஒன்று இருக்கிறது, ஆறு நாற்காலி. அங்கே இதை வைக்கலாமா என்று மதிப்பீடு செய்து, தேர்வுக் குழுவுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும்.

"முறைப்படி செஞ்சுடறேன் சார்" என்றாள்.

"முறைப்படியே செய்யுங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா முடிவு நமக்குத் தெரிஞ்சதுதானே? போன தடவை அந்தப் படக்கதைப் புத்தகத்தை வெச்சு என்ன கூத்து நடந்துச்சு. நம்ம குழுவுல இருக்கிற மருந்துக்கடைக்காரர் என் சட்டையைப் பிடிக்காத குறை. எனக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கு ரிட்டையர் ஆக. சும்மா கிடக்கிற சங்கை நான் எதுக்கு ஊதணும்? 'பொருத்தமில்லை'ன்னு ஒரு வார்த்தை உங்க கையால எழுதி வந்துட்டா, குழுவும் ஒத்துக்கும். பசங்ககிட்டயும் காட்டிடலாம்." பிறகு, ஏதோ அப்போதுதான் நினைவு வந்தவர்போல மேசை இழுப்பறையைத் தட்டினார். "உங்க மாறுதல் மனுவும் இங்கதான் இருக்கு. இதை முடிச்சுக் குடுத்துட்டீங்கன்னா அதையும் நிம்மதியா அனுப்பிடுவேன்."

அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. சிடியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு வார்த்தை எழுதினால் கதவுள்ள ஓர் அறை. எழுதுவோம், போகட்டும், பாட்டு கேட்காமல் எந்தப் பிள்ளையும் செத்துவிடாது என்றுதான் முதலில் நினைத்தாள். அதை மறைப்பானேன்?

ஆனால் அவளுக்கு ஒரு வியாதி உண்டு. எதைச் செய்தாலும் முறைப்படிதான் செய்ய வரும். இசைத் தட்டுக்கான முறை அந்த நூலகத்தில் இப்படி: மூன்று தடவை முழுதாகக் கேட்க வேண்டும். முதல் தடவை சும்மா கேட்பது. இரண்டாம் தடவை நிறுத்தி நிறுத்தி, பாட்டு முழுவதையும் கையால் எழுதுவது. மூன்றாம் தடவை எழுதியதை வைத்துக்கொண்டு எண்ணுவது. படிவத்தில் ஏழு கட்டம். அதில் ஐந்தாவது கட்டம், 'ஆட்சேபத்துக்குரிய சொற்கள், எத்தனை தடவை'. பத்து வரை போனால் வயதுச் சீட்டு ஒட்டி வைக்கலாம். பத்தைத் தாண்டினால் பேச்சே இல்லை, திருப்பி அனுப்ப வேண்டியதுதான். இந்த விதியை எழுதியவர் பாட்டைக் கேட்டிருப்பாரோ இல்லையோ, எண்ணத் தெரிந்தவர்.

கேட்பதற்கென்று ஒதுக்கிய அறை முன்பு கிழிந்த புத்தகங்களைப் போட்டு வைத்த இடம். ஒரு நாற்காலி, ஒரு மேசை, ஜன்னல் இல்லை. கதவில் பதித்த கண்ணாடி வழியாக எதிரே நாளிதழ் படிக்கிறவர்களின் முதுகு தெரியும். ஹெட்போனின் இடது காதில் பஞ்சு போய், யாரோ பிளாஸ்திரி சுற்றியிருந்தார்கள். அதை மாட்டிக்கொண்டு முதல் தடவை கேட்டபோது அவளுக்குத் தலைவலிதான் வந்தது. பத்துப் பாட்டு, நாற்பத்தைந்து நிமிடம். ஒரு சொல் முடிவதற்குள் அடுத்த சொல் வந்து அதன் குதிகாலை மிதித்தது. 'இதுக்கா அறுபத்திமூணு சீட்டு?' என்று முனகிக்கொண்டே ஹெட்போனைக் கழற்றினாள். பொருத்தமில்லை என்று மனசாட்சியோடே எழுதலாம் போலிருக்கிறதே என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது.

இரண்டாம் தடவைதான் வினை. எழுத வேண்டுமென்றால் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் சொல் காதில் தங்கிவிடுகிறது. முதல் தடவை காது கூசவைத்த ஒரு சொல், மெதுவாகக் கேட்டபோது 'கூடைப்பந்து' என்று தெரிந்தது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இன்னோரிடத்தில் நான்கு வரி முழுக்க ஒரே எழுத்தில் தொடங்கி, மூச்சு வாங்காமல் ஓடி, ஐந்தாவது வரியில் சட்டென்று நின்றது. பள்ளியில் எதுகை மோனை நடத்திய வாத்தியார் இதைப் பாடியவளைப் பார்த்திருந்தால் காதைத் திருகிவிட்டு முழு மதிப்பெண் போட்டிருப்பார். வாடிக்கையாளர் முன்னால் சிரித்துச் சிரித்து வலிக்கிற தாடையைப் பற்றி ஒரு பாட்டு. சில்லறை இல்லை என்று மிட்டாய் கொடுப்பதைப் பற்றி ஒரு பாட்டு. எட்டு மணி நேரம் உட்கார அனுமதி இல்லாத காலைப் பற்றி ஒரு பாட்டு. வசவுகளும் இருந்தன, இல்லாமல் இல்லை. குறுக்கே ஒருவன் வந்தால் பேருந்து ஓட்டுநர் வாயில் வருகிற ரகம். மொத்தம் ஐந்து.

ஏழாவது பாட்டுக்கு வந்தபோது மணி மூன்று. இது வேகமாக ஓடாத பாட்டு. அந்தப் பெண் ஏறக்குறையப் பேசினாள். பின்னால் மேளம்கூட இல்லை, பில் போடுகிற இயந்திரத்தின் 'பீப்' ஒலி மட்டும் சீராக வந்துகொண்டிருந்தது.

*கூட்டின தரைக்கு வாயில்ல,*
*சும்மாதானே இருக்கே.*
*கொட்டின வேர்வைக்குப் பேரில்ல,*
*சும்மாதானே இருக்கே.*
*நிக்கிற காலுக்கு நாளில்ல,*
*சும்மாதானே இருக்கே.*
*சிக்கின ஆளுக்குச் செலவில்ல,*
*சும்மாதானே இருக்கே.*

அவள் எழுதினாள். நிறுத்தினாள். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள். நாளிதழ்க்காரர்களின் முதுகுகள் அப்படியே இருந்தன. ஹெட்போனைக் கழற்றினாலும் அந்த வரி நிற்கவில்லை. ஏனென்றால் அது பாட்டில் மட்டும் இருக்கிற வரி இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றவில்லை, அண்ணி சொன்னாள்: "இந்தாம்மா, மாடியில துணி காயுது. நீ சும்மாதானே இருக்கே, எடுத்துட்டு வந்துடு." அண்ணி கெட்டவள் இல்லை. அவளுக்கும் காலையிலிருந்து நின்ற நிலை. ஆனால் அண்ணியின் களைப்புக்கு அந்த வீட்டில் ஒரு பேர் இருந்தது, அம்மா என்று. அண்ணனின் களைப்புக்கும் இருந்தது, ஆபீஸ் என்று. இவளும் எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டுத்தான் வருகிறாள். "லைப்ரரிதானே, சும்மா உக்காந்திருக்கிற வேலை" என்பது குடும்பத்தின் ஏகமனதான தீர்ப்பு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எண்ண வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. பாட்டை எழுதிவிட்டு வந்த மனசு தானாகவே எண்ணியது. "அத்தை, சும்மாதானே இருக்கே, இந்தச் சட்டையைத் தேய்ச்சுக் குடேன்." ஒன்று. "பாப்பா, நீ சும்மாதானே, பாங்க் ஃபாரத்தைப் பூர்த்தி பண்ணிடு." இரண்டு. அண்ணியின் தங்கை போன் செய்து, "அக்கா பிஸியா இருப்பா, நீங்க சும்மாதானே இருப்பீங்க, உங்ககிட்டயே சொல்லிடறேன்" என்று முக்கால் மணி நேரம் தன் மாமியார் கதையைச் சொன்னாள். மத்தியானத்துக்குள் ஒன்பது ஆகிவிட்டது. யாரும் அதிகாரமாகச் சொல்லவில்லை. எல்லாரும் உரிமையோடு, பிரியத்தோடு சொன்னார்கள். குரலில் ஒரு முள் இருந்தாலாவது பிடித்து இழுத்திருக்கலாம். தலையணையால் அழுத்தினால் எங்கே காயம் என்று காட்டுவது?

திங்கட்கிழமை மூன்றாம் தடவை. எண்ணுகிற தடவை. அவள் ஒவ்வொரு தாளாகப் பார்த்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஐந்தாவது கட்டத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். நாலு கோடு, குறுக்கே ஒன்று. ஏழாவது பாட்டு வந்தது, போனது. அவள் நிறுத்தாமல் கோடு போட்டாள். கடைசியில், முடிவு என்ன எழுதுவது என்ற யோசனையிலேயே இயந்திரம்போலக் கூட்டினாள், முதல் பக்கத்தில் மொத்தத்தை எழுதினாள், தாள்களைப் பின்னால் வைத்துத் தைத்தாள். முடிவு எழுதவேண்டிய ஏழாவது கட்டத்தில் மட்டும் பேனா இறங்கவில்லை. பொருத்தம் என்று எழுதினால் மனு காகிதம். பொருத்தமில்லை என்று எழுதினால் அந்தப் பெண்ணின் வாயையும் சேர்த்துப் பொத்துகிற வேலை. இருதலைக் கொள்ளி எறும்பாக அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, 'குழுவின் முடிவுக்கு விடப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கோழைத்தனம்தான். அவளுக்கே அது தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குக் குழு கூடியது. குழு என்றால் மூன்று பேர்: தலைமை நூலகர், படிக்கும் கூடத்துக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்ததால் உறுப்பினரான மருந்துக்கடைக்காரர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர். அமைதி மேடம் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கேட்டால் பதில் சொல்ல வேண்டியவள், கேட்காவிட்டால் இல்லை.

மருந்துக்கடைக்காரர் படிவத்தை எடுத்தார். முதல் பக்கத்தைத் தாண்டிப் படிக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. "ஐந்தாவது கட்டம்... ஆட்சேபத்துக்குரிய சொற்கள்... நாப்பத்தாறு!" கண்ணாடியைக் கழற்றிவிட்டு எல்லாரையும் பார்த்தார். "நாப்பத்தாறு கெட்ட வார்த்தை. பத்துப் பாட்டுல. பாட்டுக்கு நாலரை. நான் அப்பவே சொன்னேனா இல்லையா?"

"விதி என்ன சொல்லுதுன்னா, பத்துக்கு மேல போனா விவாதமே தேவையில்லை" என்றார் தலைமை நூலகர். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அமைதி மேடத்தைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். நான் கேட்டதைவிட அழகாக முடித்துவிட்டாயே என்று அந்தத் தலையசைப்புக்கு அர்த்தம். 'பொருத்தமில்லை' என்று எழுதாமலே வேலை முடிந்துவிட்டது.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. நாற்பத்தாறா? வசவு ஐந்துதானே? பிறகு விளங்கியது. ஐந்தும் நாற்பத்தொன்றும் நாற்பத்தாறு. ஏழாவது பாட்டில் வருகிற 'சும்மா' அத்தனைக்கும் அவள் ஐந்தாவது கட்டத்தில் கோடு போட்டிருக்கிறாள். கை தானாகப் போட்டிருக்கிறது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு புத்தகத்தைத் தப்பான அடுக்கில் வைத்தவள் இல்லை. முதல் தப்பு, அதுவும் இப்படி.

இப்போது அவள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. அதுதான் கொடுமை. வாயைத் திறக்காமல் இன்னும் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தால் போதும். பொய் சொல்ல வேண்டாம், யாரையும் கெடுக்க வேண்டாம், கையெழுத்துகூட ஏற்கெனவே போட்டாகிவிட்டது. சிடி திரும்பிப் போகும், மனு மேலே போகும், ஏழு மணி நேரத் தூரத்தில் 'ஒருவர்' தங்குவதற்கான அறையில் அவள் உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு தூங்கலாம். சும்மா இருந்தால் போதும். வாழ்க்கையில் முதல் தடவையாக, நிஜமாகவே சும்மா இருந்தால் போதும்.

தலைமை நூலகர் பேனாவைத் திறந்தார்.

"சார், அது தப்பு" என்றாள்.

குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. மூன்று பேரும் திரும்பினார்கள்.

"எது தப்பு?"

"நாப்பத்தாறு தப்பு சார். அஞ்சுதான். நான்தான் தப்பாக் கூட்டிட்டேன்."

"அஞ்சுக்கும் நாப்பத்தாறுக்கும் எவ்வளவு தூரம் இருக்கு!" என்றார் மருந்துக்கடைக்காரர். "மீதி நாப்பத்தியொண்ணு என்ன?"

"சும்மா, சார்."

"சும்மாவா? விளையாடறீங்களா? சும்மாவா எழுதினீங்க?"

"இல்ல சார். 'சும்மா'ன்னு எழுதினேன்."

"அதான் கேக்கறேன், சும்மா எதுக்கு எழுதினீங்க?"

தலைமையாசிரியை சிரித்துவிட்டார். அவர் பின்பக்கம் புரட்டி, ஏழாவது பாட்டு எழுதிய தாளை எடுத்து மற்றவர்களுக்கு நீட்டினார். "சும்மாங்கிற வார்த்தையைச் சொல்றாங்க. பாருங்க, நாப்பத்தொரு தடவை வருது." பிறகு சிரிப்பு அடங்கி அவளைப் பார்த்தார். "ஆனா அதை ஏம்மா வசவுக் கட்டத்துல போட்டீங்க?"

அவள் யோசித்துப் பேசவில்லை. யோசித்திருந்தால் பேசியிருக்க மாட்டாள். "கேக்கறப்ப எனக்கு வசவாத்தான் கேட்டுச்சு மேடம்" என்றாள். "கை தானாப் போட்டுடுச்சு."

தலைமையாசிரியை தாளை மேசையில் வைத்து முதல் வரியிலிருந்து படித்தார். உதடு அசைந்தது. முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தை நடத்திவிட்டு, இப்போது மகன் வீட்டில் இருப்பவர் என்று அவரைப் பற்றிக் கேள்வி. பாட்டைப் போட்டுக் காட்டச் சொன்னார். பிளாஸ்திரி சுற்றிய ஹெட்போனை அவரே வாங்கி மாட்டிக்கொண்டார். பாட்டு முடியும்வரை மருந்துக்கடைக்காரர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வைக்கலாம்" என்றார் தலைமையாசிரியை, ஹெட்போனைக் கழற்றாமலே. காது அடைத்திருந்ததால் குரல் கொஞ்சம் உரக்க வந்தது. "அஞ்சு இருக்கு, வயசுச் சீட்டு ஒட்டிடுங்க. ரெண்டு பிரதி வாங்குங்க."

அஞ்சு பத்துக்குள் அடக்கம். விதியை வைத்து ஆட வந்தவர்களுக்கு விதியை மீற வழியில்லை. மருந்துக்கடைக்காரர் மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போனார். அமைதி மேடத்துக்கு அந்த ஒரு நிமிடம் நன்றாக இருந்தது. நாம் பேசினோம், நாம் பேசியதால் ஒன்று நடந்தது என்று நெஞ்சு நிமிர்ந்தது. அதை அவளிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது. ஆனால் ஒரு நிமிடம்தான்.

எல்லாரும் போன பிறகு தலைமை நூலகர் அறைக்குப் போனாள். "சார், மனு?" என்று கேட்டாள். எதிர்பார்ப்பு இல்லை. கேட்காமல் போனால் தன்மேலேயே கோபம் வரும் என்றுதான் கேட்டாள்.

அவர் கோபமாகத்தான் இருந்தார். ஆனால் அவளை நிமிர்ந்து பார்த்ததும் அந்தக் கோபம் என்னவோ ஆயிற்று. இழுப்பறையைத் திறந்து மனுவை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

"மேடம், இன்னைக்கு நீங்க வாயைத் திறக்காம இருந்திருந்தாலும் இதை நான் அனுப்பியிருக்க முடியாது. அதை உங்ககிட்ட மொதல்லயே சொல்லியிருக்கணும். சொல்லலை. என் தப்புதான்."

"ஏன் சார்?"

"குடும்பத்துல ஒரு வார்த்தை கேட்டுக்கலாமேன்னு, மனு குடுத்த மறுநாளே உங்க அண்ணனுக்குப் போன் பண்ணினேன். அவர் நேராவே வந்துட்டாரு. இதோ, நீங்க நிக்கிற இடத்துலதான் நின்னாரு. கையெடுத்துக் கும்பிட்டு, அனுப்பாதீங்க சார்னு கேட்டுக்கிட்டாரு. பெரிய மனுஷன் அப்படிக் கேக்கறப்ப நான் என்ன செய்ய முடியும்?"

அவள் மனுவை எடுத்து நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். தலைமை நூலகர்மேல் கோபம் வரவேண்டிய இடம். வந்தது, ஆனால் முழுதாக வரவில்லை. பாதி வழியிலேயே வேறு பக்கம் திரும்பிவிட்டது. மனுக் கொடுத்து மூன்று வாரம். இந்த மூன்று வாரமும் அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான், "பாப்பா, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்று சொல்லியிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை பாங்க் ஃபாரத்தை நீட்டியிருக்கிறான். அவள் தன் ரகசியத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தது அவனுக்கு முன்னால்தான்.

சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்கு வந்தாள். அண்ணன் முன்னறையில் காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். அண்ணி அடுப்படியில் இருந்தாள். அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"லைப்ரரிக்கு வந்திருந்தியா அண்ணா?"

அண்ணன் தூரிகையை நிறுத்தினான். மறுக்கவில்லை. அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை.

"வந்தேன்."

"மனுவை அனுப்ப வேண்டாம்னு சொன்னியா?"

"சொன்னேன் பாப்பா. அந்த ஊர்ல உனக்கு யாரு இருக்கா? உடம்புக்கு ஒண்ணுன்னா ஒரு வாய் தண்ணி குடுக்க ஆள் வேண்டாமா? உன்னை அங்கேருந்து கூட்டிட்டு வந்த அன்னைக்கு நான் அம்மாகிட்ட சத்தியம் பண்ணினேன், இனி உன்னைத் தனியா விடமாட்டேன்னு." அவன் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் வாடகைக் காரோடு வந்து நின்ற அதே முகம்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. அண்ணி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சரி. ஆனா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல அண்ணா?" என்றாள். குரல் உடைந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "நான் போகணுமா வேண்டாமான்னு, என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

அண்ணன் அவளை ஆச்சரியமாகப் பார்த்தான். இது என்ன கேள்வி என்பதுபோல.

"உன்னைக் கேட்டா, போறேன்னு சொல்லுவே. அதனாலதானே கேக்கலை."

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அன்போடுதான் சொன்னான். சொல்லிவிட்டு அடுத்த காலணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினான். அவனைப் பொறுத்தவரை பேச்சு முடிந்துவிட்டது. அவள் கைப்பையோடு அங்கேயே நின்றாள். அவனை வைய வேண்டும்போல் இருந்தது. நல்லவனை வைவதற்கு ஒரு சொல்லும் அகப்படவில்லை.